படுக்கைக்கு விலை பிரார்த்தனை, சோற்றுக்கு விலை உழைப்பு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டியது. வழக்கு நடந்த காலத்தில் அந்நகரத்தின் பூங்காவிலோ நடைபாதையிலோ ஒருவர் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். கட்டத் தவறினால் அது 537 டாலரைத் தாண்டியது. மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையவே தடை. தடையை மீறினால் சிறை. வீடற்றோர் நூற்றுக்கணக்கில் இருந்தும் நகராட்சிக்கென்று ஒரு காப்பகம் இருக்கவில்லை. இருந்த ஒரே பெரிய காப்பகம் ஒரு கிறிஸ்தவ மிஷன் நடத்தியது. அங்கே படுக்கை வேண்டுமென்றால் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும், மது, போதைப் பொருள் மட்டுமன்றி சிகரெட்டையும் விட்டுவிட வேண்டும், ஊதியமின்றி இல்லத்தின் வேலைகளைச் செய்ய வேண்டும். குடிப்பழக்கத்தில் சிக்கிய ஒருவருக்கு அன்றிரவு அந்த நகரம் இரண்டு வழிகளைத்தான் வைத்திருந்தது: ஒன்று தேவாலயம், மற்றொன்று காவல் நிலையம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாவட்ட நீதிமன்றம் அந்த மிஷன் படுக்கைகளை 'கிடைக்கக்கூடிய புகலிடம்' என்று கணக்கில் கொள்ள மறுத்திருந்தது. மத நிபந்தனையும் அதற்கு ஒரு காரணம். 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் உறங்குவதற்குத் தண்டனை விதிப்பது அரசியல் சட்டம் தடுக்கும் கொடூர தண்டனை ஆகாது என்றது. உறக்கம் உடலின் தேவை, அதைக் குற்றமாக்க முடியாது என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமயோர் வாதிட்டதை வேறு இரண்டு பேர் மட்டுமே ஏற்றார்கள். ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 24 அன்று, டிரம்ப் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். நிபந்தனையின்றி முதலில் வீடு கொடுக்கும் கொள்கைக்கு அரசு ஆதரவு நிறுத்தப்படும். தெருவில் தங்குவதைத் தடை செய்யும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை தரப்படும். மனநோயாளிகளையும் போதை நோயாளிகளையும் கட்டாயமாக அடைத்து வைப்பது விரிவாக்கப்படும். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 7,71,480 பேர் வீடற்றவர்களாக இருந்த நாட்டில் நடப்பது இது.

இதை அமெரிக்கச் செய்தியாக மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியாது. இந்தியாவிலும் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் 'போதையில்லா பாரதம்' இயக்கத்துக்காக ஆறு ஆன்மிக அமைப்புகளுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது: வாழும் கலை, பிரம்ம குமாரிகள், இஸ்கான், சந்த் நிரங்காரி, காயத்ரி பரிவார், ஸ்ரீராம் சந்திர மிஷன். தெருவில் கிடக்கும் குடிநோயாளி யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டு அரசுகளும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொல்கின்றன. அந்தப் பதிலுக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

1865இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் வில்லியம் பூத்தும் கேதரின் பூத்தும் தொடங்கிய பணி, பின்னர் இரட்சணிய சேனை என்ற பெயர் பெற்றது. நாகர்கோவில் தோழர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கேதரின் பூத் மருத்துவமனையில் பிறந்தவர்களும் பிழைத்தவர்களும் அவர்களிடையே ஏராளம். கப்பல் துறைக் கூலிகளும் வேலையிழந்தவர்களும் மலிவான ஜின்னில் மூழ்கிக் கிடந்த பகுதியில், வேறு எந்தத் தேவாலயமும் எட்டிப் பார்க்காத மனிதர்களுக்கு சூப்பும் சோப்பும் கொடுத்தார்கள் என்பது உண்மை. 1890இல் பூத் ஒரு விரிவான திட்டத்தை நூலாக வெளியிட்டார். நகரத்தில் ஒரு குடியேற்றம், அங்கே வேலை செய்து திருந்தியவர்களுக்குப் பண்ணைக் குடியேற்றம், பிறகு கடல் கடந்த குடியேற்றம் என்று மூன்று படிகள். வீடற்ற மனிதன் உழைத்து, வணங்கி, ஒழுங்குபட்டு, கடைசியில் பேரரசின் ஏதாவதொரு மூலைக்கு ஏற்றுமதி ஆவான்.

இந்த அமைப்பை எங்கெல்ஸ் கவனித்திருந்தார். 'கற்பனாவாத சோஷலிசமும் விஞ்ஞான சோஷலிசமும்' நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு 1892இல் எழுதிய முன்னுரையில், பிரிட்டிஷ் முதலாளிகள் தொழிலாளர்களைப் பக்தியில் கட்டிவைக்க இரட்சணிய சேனையின் உதவியைக்கூட ஏற்றுக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஏழைகளையே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக அழைக்கும் ஓர் இயக்கத்துக்குள் ஆதி கிறிஸ்தவத்தின் வர்க்கப் பகைமை உறங்குகிறது, இன்று பணம் தரும் செல்வந்தர்களுக்கு அது ஒருநாள் தொல்லையாகலாம் என்றும் எழுதினார். வெறும் ஏளனத்தோடு அவர் அதை அணுகவில்லை என்பது மறக்கப்படுகிறது. பெர்னார்ட் ஷா 1905இல் எழுதிய 'மேஜர் பார்பரா' நாடகம் அதே பணத்தின் மூலத்தைப் பின்தொடர்ந்தது. குடிகாரர்களை மீட்கும் சேனையின் காப்பகத்தைக் காப்பாற்ற நன்கொடை தருபவர் ஒரு விஸ்கி ஆலை முதலாளி. அதற்கு ஈடாகத் தானும் தருபவர் ஒரு ஆயுத வியாபாரி. மதுக்கடையிலிருந்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பெற்றுக்கொண்டே மது ஒழிப்பு வாசகங்களைச் சுவரில் எழுதும் மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இந்த நாடகத்துக்கு உரை தேவைப்படாது.

அமெரிக்காவில் வேலை தேடி அலைந்த நாடோடித் தொழிலாளர்களிடையே இரட்சணிய சேனையின் வாத்தியக் குழுவும் உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள் சங்கத்தின் பேச்சாளர்களும் ஒரே தெருமுனையில் மோதிக்கொண்டார்கள். மறுமையில் கிடைக்கும் உணவைப் பற்றி ஜோ ஹில் 1911இல் எழுதிய கேலிப் பாடல் அந்த மோதலில் பிறந்ததுதான். அங்கே போட்டி யாருக்காக நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. பசியோடும் குடியோடும் தெருவில் நின்ற மனிதனுக்காகவே இரு தரப்பும் போட்டியிட்டன. சங்கம் அவனைத் தன் உறுப்பினராகக் கருதியது.

இன்று அமெரிக்காவில் இரட்சணிய சேனை நடத்தும் ஆண்களுக்கான மறுவாழ்வு மையங்கள் எப்படி இயங்குகின்றன என்பது நீதிமன்ற ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. சேருபவர் பெரும்பாலும் வீடற்றவர், அல்லது நீதிமன்றத்தால் சிறைக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர். கட்டணம் இல்லை. ஏறத்தாழ ஆறு மாதம் தங்கலாம். உணவு, உடை, படுக்கை, வழிபாடு, ஆலோசனை உண்டு. அத்துடன் 'உழைப்புச் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. மக்கள் நன்கொடையாகத் தந்த துணிகளையும் மரச்சாமான்களையும் லாரியில் ஏற்றுவது, கிடங்கில் தரம் பிரிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, சேனையின் பழைய பொருள் கடைகளுக்கு அனுப்புவது ஆகியவை அந்தச் சிகிச்சை. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. கைச்செலவுக்கு வாரம் சில டாலர்கள். அரசு தரும் உணவு உதவியைக்கூட மையத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பது பின்னாளில் வழக்குத் தொடுத்தவர்களின் புகார். கடைகளின் வருமானத்தில்தான் மையம் நடக்கிறது. ஆகவே இது சுரண்டல் அல்ல, இவர்கள் பயனாளிகள், தொண்டர்கள் என்பது சேனையின் வாதம்.

1990இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையே இந்த மனிதர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று சொன்னது. சேனை வழக்குத் தொடுத்தது, அரசியல் எதிர்ப்பும் கிளம்பியது, துறை பின்வாங்கியது. 1996இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், குடிப்பழக்கத்தோடு வீடற்றுத் திரிந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2021இலிருந்து பல மாநிலங்களில் முன்னாள் பயனாளிகள் புதிய வழக்குகளைத் தொடுத்து வருகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, 1985இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு மத அமைப்பைப் பற்றி ஒருமனதாகத் தந்த தீர்ப்பு ஒன்று உண்டு. டோனி மற்றும் சூசன் அலமோ அறக்கட்டளை என்ற அந்த அமைப்பு பெட்ரோல் நிலையம், துணிக்கடை, பன்றிப் பண்ணை, கட்டுமானம் என்று பல வணிகங்களை நடத்தியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் போதையிலிருந்தும் தெருவிலிருந்தும் மதம் மாறி வந்தவர்கள். ஊதியம் இல்லை, உணவும் தங்குமிடமும் மட்டும். விசாரணையில் அவர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, தாங்கள் தொண்டர்கள், ஊதியம் என்ற எண்ணமே தங்களுக்கு அவமானம் என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உணவுக்கும் இடத்துக்கும் அமைப்பையே நம்பியிருப்பவருக்கு அந்த உணவும் இடமும் வேறு வடிவிலான கூலியே என்றது. தொழிலாளி தானே 'வேண்டாம்' என்று சொன்னால் விதிவிலக்கு என்று ஆக்கினால், பலம் படைத்த முதலாளி எவரும் அப்படிச் சொல்ல வைக்க முடியும் என்ற காரணத்தையும் காட்டியது. சங்க வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தர்க்கம் புதிதல்ல. 'எங்கள் கம்பெனியில் யாரும் ஓவர்டைம் கேட்பதில்லை' என்று சொல்லும் மேலாளர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லை எங்கே வரை நீளும் என்பதற்கு ஓக்லஹோமா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2007இல் கோழி இறைச்சித் தொழிலில் நிர்வாகிகளாக இருந்தவர்கள் ஒரு கிறிஸ்தவப் போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார்கள். நீதிமன்றங்கள் சிறைக்குப் பதிலாக அங்கே ஆண்களை அனுப்பின. அவர்கள் கோழிகளை வெட்டித் துண்டாக்கும் ஆலைகளில் முழுநேரம் வேலை செய்தார்கள். ஆலை தந்த கூலி மையத்துக்குப் போனது. உழைத்தவருக்கு ஒன்றும் இல்லை. வேலை செய்ய மறுத்தால் சிறை என்ற அச்சம் தலைக்கு மேல் தொங்கியது. 2017இல் புலனாய்வுச் செய்தியாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் வழக்குகள் தொடர்ந்தன. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோது குற்றத்துக்கான தண்டனையாக வரும் கட்டாய உழைப்பை மட்டும் விட்டுவைத்தது. அந்த ஓட்டையின் வழியே இப்போது 'மீட்பு' என்ற பெயரில் கோழி ஆலைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை மறுக்கக் கூடாது. இத்தகைய இல்லங்களால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். 1935இல் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் மத மறுமலர்ச்சிக் குழுவொன்றின் மடியில் பிறந்ததுதான். தனக்கும் மேலான ஒரு சக்தியிடம் ஒப்புக்கொடுத்தல் அதன் பன்னிரண்டு படிகளின் மையம். அதன் வழிமுறை குடியை முழுவதுமாக விடுவதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல, சில அளவுகளில் மேலானது என்று 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. கடவுள் இறங்கிவந்து காப்பாற்றினார் என்பதற்கு இது சான்றாகாது. தினமும் ஒரே நேரத்தில் கூடுகிறார்கள், வெட்கப்படாமல் பேசுகிறார்கள், நடுஇரவில் கை நடுங்கும்போது தொலைபேசியில் அழைக்க ஒருவர் இருக்கிறார். குடும்பமும் முதலாளியும் ஊரும் கைவிட்ட ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து 'நாளைக்கும் வா' என்கிறார்கள். இது மனிதக் கூட்டுறவின் சக்தி. மதம் அதைத் திரட்டி வைத்திருக்கிறது. அபினி என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் நினைவுகூரப்படும் மார்க்ஸின் 1844ஆம் ஆண்டுக் கட்டுரை, மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அந்தத் துன்பத்துக்கு எதிரான குரலாகவும் சேர்த்தே பார்த்தது. டெல்லி சாந்தினி சௌக்கில் உள்ள சீஸ் கஞ்ச் குருத்வாராவின் லங்கரில் அமர்பவரிடம் தலையை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அவர் எந்த மதம், நேற்று என்ன குடித்தார் என்று எவரும் கேட்பதில்லை. அதையும் கோழி ஆலைக்கு ஆள் அனுப்பும் மையத்தையும் ஒரே சொல்லால் கண்டிப்பது சோம்பேறித்தனம்.

ஆனால் நம்பிக்கை மருந்தின் இடத்தைப் பிடிக்கும்போது உயிர் போகிறது. ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளன. அவை தொடர்ந்து கிடைப்பவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைகிறது. மத அடிப்படையிலான பல மையங்கள் இவற்றை 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று ஒதுக்குகின்றன. பிரார்த்தனையாலும் கட்டுப்பாட்டாலும் மூன்று மாதம் தூய்மையாக இருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து வேலையும் வீடும் இல்லாமல் பழைய பாலத்தடிக்கே திரும்புபவர், பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். மையத்தின் பதிவேட்டில் அவர் 'வெற்றிகரமாக முடித்தவர்' என்றே இருப்பார்.

இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1882இல் பம்பாயில் வந்திறங்கிய இரட்சணிய சேனைக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடரிக் டக்கர், அதற்கு முன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். காவியுடுத்தி, வெறுங்காலோடு நடந்து, தன்னை ஃபக்கீர் சிங் என்று அழைத்துக்கொண்டார். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் முழுச் சமூகங்களையும் அடைத்துவைக்கும் குடியேற்றங்களை நடத்த ஆட்கள் தேவைப்பட்டபோது அரசு சேனையைத் தேடிப் போனது. சென்னை மாகாணத்தில் பாபட்லாவுக்கு அருகே, ஆளுநர் அவை உறுப்பினர் ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயரால் எழுந்த ஸ்டூவர்ட்புரம் அத்தகையது. அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் எருகுலர்கள், தமிழ்நாட்டுக் குறவர்களோடு உறவுள்ள மக்கள். வருகைப் பதிவு, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகத் தடை, ஜெபம், உழைப்பு. உழைப்பு எங்கே தேவைப்பட்டது? சீராலாவில் இருந்த வெள்ளையர் புகையிலைக் கம்பெனிக்குக் கட்டுப்பட்ட தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா தன் ஆய்வில் இந்தத் தொடர்பை ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். ஒரு மக்களைக் குற்றவாளிகளாக அறிவித்தது சட்டம். அவர்களுடைய ஆன்மாவைத் திருத்தும் பொறுப்பை ஏற்றது மிஷன். அந்த ஏற்பாட்டில் மலிவான கை கிடைத்தது கம்பெனிக்கு. 1952இல் சட்டம் நாடு முழுவதும் ரத்தானது. முத்திரை இன்றும் அழியவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், 5.7 கோடிக்கு மேற்பட்டோருக்கு மதுவால் வரும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவதாகவும் சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது; மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மது குறித்த எண்ணிக்கை வீடுகளில் எடுத்த கணக்கு. வீடே இல்லாதவர் இந்த விகிதத்தில் எங்கே நிற்பார் என்று எளிதாக ஊகிக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கு 17.7 லட்சம் பேரை வீடற்றவர்களாகப் பதிவு செய்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. டெல்லியில் 2023இல் ஜி-20 மாநாட்டுக்கு முன்பு சராய் காலே கானிலும் யமுனா புஷ்தாவிலும் இருந்த காப்பகங்களே இடிக்கப்பட்டன. யமுனைக் கரையில் கிடப்பவர்கள் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் திருமணச் சமையலுக்கும் சுமை தூக்கவும் வந்த ஆண்கள்தான். பகலெல்லாம் பாரம் தூக்கிய உடல்வலிக்கும் இரவுக் குளிருக்கும் மலிவான மருந்தாக ஆரம்பித்த பழக்கம் அது. அவர்களைக் காப்பகக் காவலாளி உள்ளே விடத் தயங்குகிறார், குடித்திருக்கிறார்கள் என்பதால். மருத்துவமனை அனுப்பிவிடுகிறது, உடன் யாரும் இல்லை என்பதால். அடையாள அட்டை இல்லை என்பதால் திட்டங்கள் எதுவும் அவர்களைத் தொடுவதில்லை. அரசு நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மீட்பு மையங்கள் நாடெங்கும் சில நூறு உண்டு. பெரும்பாலானவற்றில் 15 அல்லது 30 படுக்கைகள். எஞ்சிய பெருவெளியை மடங்களும் தேவாலயங்களும் டேராக்களும் உரிமமில்லாத தனியார் காப்பகங்களும் நிரப்புகின்றன.

இந்த வெளியில் தியான வகுப்புகளையும் உறுதிமொழி ஏற்பு விழாக்களையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ஒன்றிய அரசின் ஆறு ஒப்பந்தங்கள். தியானத்தால் தீங்கில்லை. ஆனால் குடியைத் திடீரென நிறுத்தும் முதிர்ந்த குடிநோயாளிக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். அப்போது தேவைப்படுவது செவிலியரும் மருந்தும். ஆன்மிக அமைப்புகளோடு மேடையேறுவதற்குச் செலவு குறைவு, புகழ் அதிகம். மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை கொண்ட போதை சிகிச்சைப் பிரிவைத் திறந்தால் ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு மத நம்பிக்கையின் பெயரால் நாட்டையே வரையறுக்க நினைக்கும் ஆட்சியில், முஸ்லிம் அல்லது கிறிஸ்தவ நோயாளியோ, கடவுளை நம்பாத நோயாளியோ இந்தக் கதவுகளுக்கு முன் என்ன ஆவார் என்ற கேள்வி வேறு இருக்கிறது.

சட்டம் இந்தியாவில் பலவீனமானதல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அறக்கட்டளையோ அமைப்போ தனிநபரோ, யார் நடத்தினாலும் அத்தகைய நிலையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. அதன் 20ஆவது பிரிவு, உள்ளே இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்காவில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் கேட்கப்படுவது இங்கே சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் உயிர்ப்பலி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவையொட்டிய காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் மாண்டார்கள்.

மருத்துவ வழியும் தெரியாததல்ல. பஞ்சாபில் 2017இலிருந்து அரசு வெளிநோயாளர் மையங்களில் புப்ரெனார்ஃபின் வழங்கப்படுகிறது. தொழிலாளி காலையில் வந்து மருந்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம், அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய விமுக்தி இயக்கம் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த போதை மீட்புப் பிரிவுகளை மாவட்டந்தோறும் கொண்டுவந்தது. அங்கும் மது வருவாய் அரசின் கஜானாவில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை; வருவாயில் எவ்வளவு சிகிச்சைக்குத் திரும்புகிறது என்று கேட்பதற்கு அது ஒரு காரணமாகட்டும்.

ஹெல்சிங்கியில் நடந்தது இவ்விடத்தில் பொருத்தமானது. பின்லாந்து அரசு 2008இல், முதலில் வீடு, மற்றவை பிறகு என்ற கொள்கையைத் தேசியத் திட்டமாக்கியது. அந்நகரத்தில் 250 படுக்கைகள் கொண்ட பெரிய விடுதி ஒன்றை நடத்தி வந்தது வேறு யாருமல்ல, இரட்சணிய சேனைதான். 2012இல் அந்த விடுதி சுமார் 80 தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. வசிப்பவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், கையில் சொந்தச் சாவி. உள்ளே வர குடியை விட்டிருக்க வேண்டியதில்லை, ஜெபிக்க வேண்டியதில்லை, உதவி வேண்டுமென்றால் அதே கட்டடத்தில் ஊழியர்கள். அதே சேனை, அதே நம்பிக்கை. அரசு உரிமையாக வரையறுத்த இடத்தில் அது உரிமைக்கு ஊழியம் செய்தது. அரசு கைகழுவிய நாட்டில் கிடங்குக்கு ஆள் சேர்க்கிறது. பின்லாந்தில் இப்போதைய வலதுசாரி அரசு நலச் செலவுகளை வெட்டத் தொடங்கிய பிறகு, 2024 கணக்கில் வீடற்றோர் எண்ணிக்கை பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏறியிருக்கிறது.

இடதுசாரி இயக்கத்துக்கும் இதில் பதில் சொல்ல வேண்டிய பகுதி உண்டு. மதுக்கடையை மூடக் கோரும் போராட்டங்களில் கட்சியின் மாதர், வாலிபர் அமைப்புகள் தடியடி பட்டிருக்கின்றன. கடை வாசலில் விழுந்து கிடந்தவர் போராட்டம் முடிந்தபின் எங்கே போனார் என்பது அறிக்கைகளில் இருப்பதில்லை. 'உதிரிப் பாட்டாளி' என்ற சொல் மார்க்ஸிடம் ஒரு குறிப்பிட்ட அரசியல் சூழலை ஆராய்வதற்கான கருவி. கிளைக் கூட்டங்களில் அது பல நேரம் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான சாக்காகிவிட்டது. கட்டுமானச் சங்கத்தின் உறுப்பினர் குடியால் வேலையிழந்து, சந்தா கட்டாமல், பேருந்து நிலையத்தில் படுக்கத் தொடங்கும்போது முதலில் அவரைத் தேடிப் போவது பெரும்பாலும் ஒரு போதகர். அந்தப் போதகர்மீது கோபப்பட இடமில்லை.

எனவே செய்யக்கூடியவை மிகவும் சாதாரணமானவை. மாவட்டத்தில் எத்தனை போதை மீட்பு மையங்கள் உள்ளன, அவற்றில் எவை மனநல ஆணையத்தில் பதிவு பெற்றவை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உள்ளே வேலை வாங்கப்படுகிறதா, கூலி தரப்படுகிறதா, வழிபாடு கட்டாயமா, வெளியேற அனுமதி உண்டா என்று தொழிற்சங்கத் தோழர்கள் நேரில் சென்று விசாரிக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் உடன் ஆள் இல்லாத நோயாளியையும் அனுமதிக்கும் போதை சிகிச்சைப் படுக்கைகள் வேண்டும், இரவுக் காப்பகம் குடித்திருப்பவரையும் ஏற்கும் தனி அறையோடு வேண்டும் என்பதை உள்ளாட்சிக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். அந்த ஆறு ஒப்பந்தங்களில் எவ்வளவு நிதி, எந்த நிபந்தனை, யார் கணக்குக் கேட்பது என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்பக் கட்சிக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். யமுனைக் கரையில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் குளிர் இறங்கத் தொடங்கும். இடிக்கப்பட்ட காப்பகங்களுக்கு மாற்றாக டெல்லி நிர்வாகம் வழக்கம்போல் கூடாரங்களை அடிக்கும். அங்கே இரவு ஒன்பது மணிக்கு யார் உள்ளே விடப்படுகிறார், யார் திருப்பி அனுப்பப்படுகிறார் என்று நின்று பார்த்துக் குறித்துவர டெல்லியிலுள்ள தோழர்களுக்கு ஒரு வாரம் போதும்.